அலுமாரி மேல் கிடந்த கடிதம்

வெளிநாட்டுத் தடுப்பு முகாம் ஒன்றில் என் சித்தப்பா மகள் கூடுதலாகச் சில நாட்கள் உட்கார்ந்திருந்ததற்கு நானும் ஒரு காரணம். அந்தக் கைங்கரியத்தை நான் பதுளை பஜாரில், பட்டப்பகலில், என் சொந்தச் செலவில் செய்தேன். அவளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் கலியாண எழுத்துப் பத்திரத்தையும் லெமினேட் செய்து கொடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன், அவள் வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் அது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். குடும்பத்தில் நாலு புத்தகம் படித்தவன் என்று எனக்கொரு பெயர் எப்படியோ விழுந்துவிட்டது. பெயருக்கு ஏற்ப ஏதாவது செய்தாக வேண்டும். அந்த நாட்டில் வேலைக்காரிக்கு என்ன சட்டம் என்று தேடிப் படித்திருக்கலாம். தூதரகத்தின் எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் பத்திரங்களைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சுடச்சுட வாங்கி வந்து, "இனி மழை, கறையான், கரப்பான் எதுவும் கிட்ட வராது" என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். அவள் நம்பினாள். கடதாசி என்றால் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அப்படியொரு பயபக்தி. இந்த நாட்டு ஆள்தான் என்று சொல்லும் ஒரு துண்டுக் கடதாசிக்காகப் பாட்டன் காலம் முதல் வரிசையில் நின்ற சனம். கிடைத்ததைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். இப்போது வசதி வந்துவிட்டது, லெமினேட் செய்து செருகுகிறார்கள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை லுணுகலையில் சில்லறைக்கடை வைத்திருக்கும் முதலாளியிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"சார், ஒங்க தங்கச்சி எனக்குக் கோல் எடுத்துச்சு. புடிச்சு அடைச்சு வச்சிருக்காங்களாம்."

"உங்களுக்கா எடுத்தா?"

"ஆமாங்க. கடை போர்டுல இருக்கிற நம்பர் மட்டுந்தான் மனப்பாடம்னு சொல்லுது. ரெண்டே நிமிசந்தான் சார், கட்டாயிருச்சு."

அவளுடைய போனைப் பறித்துவிட்டார்கள். எங்கள் எண்கள் எல்லாம் அந்தப் போனுக்குள். புருஷன் ஆறு மாதத்துக்கொரு சிம் மாற்றுகிறவர். நான் அவளுக்கு 'அண்ணன்' என்ற ஒரு பொத்தான், அவ்வளவுதான். சின்ன வயசிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எதிரே தெரிந்த அந்தக் கடைப் பலகையின் பத்து எண்கள்தான் அவளுக்கு அந்த நேரத்தில் சொந்தபந்தம். பயணத்துக்கு முன் கொடுத்த பயிற்சியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்களாம். பொலிஸ் பிடித்தால் என்ன கேட்கலாம், யாருக்குச் சொல்லலாம் என்பதற்கு மட்டும் நேரம் இருக்கவில்லை. அழுக்குத் துணிக்கு இருந்த மரியாதை.

முதலாளி சொன்னதும் நான் அங்கே இங்கே விசாரித்ததும் சேர்த்து இவ்வளவு. வேலை செய்த வீட்டில் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விடவில்லை. அவள் அங்கிருந்து வெளியேறி, வேறு சில பெண்களோடு தங்கி, மணித்தியாலக் கணக்கில் வீடு துடைத்திருக்கிறாள். ஓடிப்போனவள் என்று வீட்டுக்காரன் புகார் கொடுத்திருக்கிறான். அந்த நாட்டில் அதோடு அவள் சட்டவிரோதமானவள். இப்போது ஒரு மாதத்துக்கு மேலாகப் பெரிய மண்டபம் ஒன்றில் நூறு பெண்களோடு இருக்கிறாள். நாடு கடத்தத் தயார் என்கிறார்கள். ஆனால் கடத்துவதற்குக் கடவுச்சீட்டு இல்லை. அவள் இன்ன ஊர் இன்ன ஆள் என்று இங்கிருந்து பத்திரம் போனால்தான் தூதரகம் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுக்கும். அதுவரை மண்டபம்தான். ஒருத்தியை இருக்கவும் விடமாட்டேன், போகவும் விடமாட்டேன் என்று சொல்வதற்கு அரசாங்கங்கள் எத்தனை முத்திரை வைத்திருக்கின்றன பாருங்கள்.

மறுநாள் அவளுடைய புருஷன் பதுளைக்கு வந்து சேர்ந்தார். தேயிலை பெக்டரியில் வேலை, அதிகம் பேசாத மனிதர். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் நான் லெமினேட் செய்து கொடுத்த பத்திரங்கள்.

"பாஸ்போட் கொப்பி இருக்கா மாப்பிள்ளை?"

"அது அவ கையிலதானே இருந்துச்சு மச்சான்."

"அனுப்பின ஏஜென்ட்கிட்ட?"

அந்த ஆளைத் தேடிப் போனோம். அவள் போவதற்கு முன், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கே பிஸ்கட் பெட்டியோடு வந்து, அவள் பிள்ளையின் தலையைத் தடவி, "அங்க ராணி மாதிரி இருக்கலாம்" என்று சொன்னவர். இப்போது ஏஜென்சி நடத்திய அதே கடையில் போனுக்கு உறை விற்கிறார்.

"அனுப்பி வைக்கிறதோட நம்ம பொறுப்பு முடிஞ்சிருச்சு சார். அவங்கதான் ஓடியிருக்காங்க. எனக்குத்தான் கெட்ட பேரு."

அவருடைய நல்ல பெயரை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை ஓர் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

அடுத்தது பத்திரங்களுக்கு முத்திரை வாங்கும் அலுவலகம். அங்கிருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். பிறப்பு அத்தாட்சியை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"உதை ஆர் லெமினேட் பண்ணினது?"

"நான்தான்."

"பாத்தா படிச்ச ஆள் மாதிரித் தெரியுது. பின்பக்கம் சீல் அடிக்கவேணும் ஐயா. பிளாஸ்டிக்கிலையோ அடிக்கிறது? புதுக் கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவர் மேல் கோபப்பட எனக்கு ஆசையாக இருந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் முடியவில்லை. புதுப் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்தால் பிளாஸ்டிக் உரிந்துவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம், கலியாண எழுத்தில் முயன்று பார்த்தேன். உரிந்தது. கூடவே பதிவாளரின் கையெழுத்தும் மாப்பிள்ளையின் பெயரில் பாதியும் உரிந்தன. அவர்கள் கலியாணத்தை நான் இஸ்திரி போட்டு ரத்துச் செய்ததை என் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "மத்ததையும் தேச்சிருங்க. ஒரேயடியா பொறக்கவே இல்லைன்னு ஆயிரட்டும்" என்றாள்.

புதுப் பிரதிகள் கைக்கு வர நாலு நாள் ஆயிற்று. அங்கே மண்டபத்தில் தரையில் படுத்திருந்தவளின் நாலு நாள். அதற்கிடையில் தூதரகத்துக்கு விடாமல் தொலைபேசி எடுத்ததில் ஒரு பெண் அகப்பட்டார். அலுத்துப் போன, ஆனால் மரியாதையான குரல்.

"இந்தப் பத்திரங்களைக் கேட்டு நாங்க வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போட்டு ஒரு மாசமாகுதே. நீங்க பதிலே போடல."

வீட்டு விலாசம் என்று அவர் சொன்னது அவளுடைய பெயர், டிவிஷன், தோட்டம், லுணுகலை. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கு இலக்கம் இல்லை, தெரு இல்லை, தபால்காரர் வருவதில்லை. ஒரு தோட்டத்துக்கே ஒரு விலாசம், அது ஆபீஸ். வருகிற கடிதமெல்லாம் அங்கேதான் இறங்கும். முன்பு காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பெயர் வாசித்துக் கொடுப்பார்கள். அதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். கிளாக்கர் ஐயா ஸ்டூலில் ஏறி, அலுமாரி மேலிருந்து நூல் கட்டிய கத்தை ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். ஒரு பிள்ளையின் பரீட்சை அனுமதி அட்டை. யாருக்கோ ஆஸ்பத்திரி கிளினிக் திகதி. ஒரு நீதிமன்ற அழைப்பாணை. அவற்றுக்கு நடுவில், பொத்தல் இல்லாமல், ஒட்டுப் பிரியாமல், தூதரகத்தின் கடிதம்.

"இதை ஏன் ஐயா குடுக்கல?"

"யாராவது வந்து கேட்டா குடுப்போமே."

"கடிதம் வந்திருக்குன்னே தெரியாதவன் எப்படி வந்து கேப்பான்?"

"வந்து கேட்டாத்தானே சார் வந்திருக்கான்னு தெரியும்."

இதற்குமேல் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகமில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த மலையைச் சுரண்டித் தின்றுவிட்டு ஒரு வாசலுக்கு ஓர் எண் போட முடியாதா என்று ஆரம்பித்தது. கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே பெயரைக் கண்டுபிடிக்கிறீர்களே, கடிதம் வந்தால் மட்டும் ஆளைத் தெரியாதா என்பது வரை போனது. ஐயா நான் முடிக்கும்வரை காத்திருந்து, பொறுப்பேற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கடிதத்தைக் கொடுத்தார். ஒரு மாதம் கிடந்ததற்கு யாரிடமும் கையெழுத்து வாங்கியதாகத் தெரியவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. இலக்கமில்லாத ஒரு கதவு, கடலுக்கு அப்பால் ஒருத்தியைப் பூட்டி வைத்திருந்தது.

முத்திரை குத்திய பத்திரங்களை லுணுகலை முதலாளியின் கடைப் பக்கத்திலேயே ஸ்கேன் செய்து அனுப்பினோம். மூன்றாவது வாரம் அவள் வந்து இறங்கினாள். பெட்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு சட்டை. எட்டு வயது மகள் கொஞ்ச நேரம் அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் பக்கத்தில் போனாள்.

ஒரு வாரம் கழித்து அவள் நடந்ததைச் சொன்னாள். மண்டபத்தில் இரண்டாவது நாளே அரபியில் எழுதிய தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்களாம்.

"வாசிக்கத் தெரியாதுன்னேன். சும்மா வைன்னான். தமிழ் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாங்கன்னேன். தொண்ட கிழியக் கத்தினான். நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"மூணாம் நாள் ஒரு கேரளத்து ஆள் வந்து வாசிச்சான். அந்த வீட்டு மோதிரத்த எடுத்துக்கிட்டு ஓடுனேன்னு எழுதியிருந்திச்சுண்ணே. வச்சிருந்தா இன்னும் உள்ளதான். கொழுந்து நிறுக்கிறப்ப தராசப் பாக்காம கைநாட்டு வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும், புரியாததில் கையெழுத்து வைக்க மறுப்பதும் அவளுக்குள்ள உரிமைகள் என்று நான் பிற்பாடு புத்தகத்தில் தேடிப் படித்தேன். அவள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் படித்திருந்தாள்.

இது எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும் என்று எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் வெளிநாட்டுக்குப் பெண்களை அனுப்பிய வீடுகளும், அனுப்பப் போகிற வீடுகளும் நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் கூட்டம் போட்டோம். முப்பது பேர் வந்தார்கள். எழுதி வைத்துக்கொண்டு போனதைப் பேச ஆரம்பித்தேன். இடையில் ஏஜென்ட் ஞாபகத்துக்கு வந்தார். பிறகு அலுமாரி. பிறகு காலனித்துவம். எங்கே நிறுத்தினேன் என்று பார்த்தபோது வெளியே மழை பிடித்திருந்தது, ஒரு மணித்தியாலம் போயிருந்தது, முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது, அடுத்த மாதம் பயணம் போக இருந்த ஒரு பெண் என்னை நோக்கி வந்தாள். கேள்வி கேட்கப் போகிறாள் என்று தொண்டையைச் செருமினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் என் தங்கச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் இப்ப என்ன செய்யணும்?"

"பாஸ்போட்ட மூணு கொப்பி எடு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு டவுன்ல நம்பிக்கையான ஆள்கிட்ட, ஒண்ணு ஒன் உள்பாவாடையில தச்சு வச்சுக்க. தூதரக நம்பரையும் வீட்டு ஆள் ஒருத்தர் நம்பரையும் பாக்காம சொல்லிப் பழகு. இஸ்கூல்ல புள்ளைக்கு யாரு கையெழுத்து வைக்கிறதுன்னு போறதுக்கு முந்தியே எழுதிக் குடுத்துரு. வீட்டுல இருக்கிறவங்கள வாரா வாரம் ஆபீசுல போயி கடுதாசி கேக்கச் சொல்லு. புடிச்சா அழுவாத. வெளங்காத தாள்ல கை வைக்காத. எங்க தூதரகத்துக்குச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இரு. அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் திருப்பிச் சொன்னாள். ஒன்று பிசகியது, தங்கச்சி திருத்தினாள், மறுபடி சொன்னாள். பிறகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கப் போனவள், வாசலில் நின்ற என்னைப் பார்த்து மரியாதைக்கு நின்றாள்.

"சார் ரொம்ப நல்லா திட்டுனீங்க. யாரத் திட்டுனீங்கன்னுதான் எங்களுக்கு வெளங்கல."