தானாகப் பாடிய பக்கம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கோபமே வராத மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லும். ஊருக்கென்ன, அவரோடு குடும்பமா நடத்துகிறது? அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது.

அவர் மவுத் ஆர்கன் வாசிப்பார். வீட்டுக்குள் வாசிக்கக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே நான் போட்ட சட்டம். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள் நான். நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்திவிட்டு, பதிலுக்கு நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்தால், மின்விசிறிச் சத்தம்கூட எனக்கு ஆகாது. அவர் வாத்தியத்தை எடுத்து ஸ்பேனர்களோடு வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவருடைய கச்சேரியெல்லாம் லிஃப்டின் தலைமேல்தான். சாப்பாட்டு நேரத்தில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டு, இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் லிஃப்டின் கூரையில் உட்கார்ந்து வாசிப்பார். அதைப் போனில் பதிவும் செய்துகொள்வார். இதெல்லாம் எங்கள் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மகள் விளம்பரக் கம்பெனி ஒன்றில் இணையதளங்கள் செய்கிறாள். அப்பாவின் பிறந்தநாளுக்கு அவர் பேரில் ஒரு தளம் செய்து, அந்தப் பதிவுகளை அதில் ஏற்றி, எனக்கும் லிங்க் அனுப்பினாள். அது வந்தபோது நான் ஆபரேஷன் முடிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் நின்றிருந்தேன். குண்டூசி விழுந்தால் கேட்கும் அறை அது. லிங்கைத் தொட்டதுதான் தாமதம், மவுத் ஆர்கன் ஊளையிட்டது. நிறுத்தலாம் என்றால் பக்கம் முழுக்க அவருடைய போட்டோதான் பல்லைக் காட்டுகிறது, ஒரு பட்டனைக் காணோம். கண்ணில் கட்டோடு இருந்த பெரியவர் என்னவோ ஏதோ என்று பதறி எழுந்து நாற்காலியில் முட்டிக்கொண்டார். முழங்காலோடு போயிற்று. முகம் இடித்திருந்தால் யார் பதில் சொல்வது? தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் என்னைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தனையையும் மகள் தலையில் கொட்டினேன். அவளா மசிவாள்?

"பட்டன் வெச்சா எவன்மா அமுக்குவான்? தானா பாடினாதான் நாலு பேர் காதுல விழும்" என்றாள்.

நான் வாயெடுப்பதற்குள் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஸ்பீக்கர் வைத்திருந்தார்களாம், எந்நேரமும் ஒரே மெட்டு. கரண்ட் போய் ஒரு பெண் நடுவில் மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் நின்றதே தவிர பாட்டு நிற்கவில்லை, அதற்கு பேட்டரி இருந்தது. இவர் கதவை நெம்பித் திறந்தபோது அந்தப் பெண் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முதலில் அந்தப் பாட்டை நிறுத்துங்கள் என்று அழுதாளாம். இவர் அன்றைக்கே ஸ்பீக்கர் ஒயரை வெட்டிவிட்டார். அதற்கு மேனேஜரிடம் வாங்கிய திட்டை இத்தனை நாள் என்னிடம் மூச்சுவிடவில்லை, பாருங்கள்.

"தப்பிச்சுப் போக வழியில்லாதவங்க மேல பாட்டைக் கொண்டுபோய்க் கொட்டறது அக்கிரமம். என் பேரை வெச்சு அதைச் செய்யாதே" என்றார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

பிறகு அவரே எல்லாம் சொன்னார். பக்கத்தைத் திறந்தால் சத்தம் வரக் கூடாது. பட்டனை அமுக்கினாலும் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். எவ்வளவு நேரம் ஓடும் என்று பக்கத்திலேயே போட வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகக் கிளம்பக் கூடாது. நிறுத்துகிற பட்டன் சிவப்பாக, மற்ற பட்டனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், லிஃப்டில் இருப்பதுபோல. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அத்தனையும் செய்தாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. பக்கத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர், பட்டனை அமுக்கியவர் ஒருவரும் இல்லை. யார் அமுக்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடுமாம். வந்தவர்களுக்குத் தொந்தரவு இல்லையே, அது போதும் என்றார் இவர். ஆனால் சாயங்காலமானால் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு?" என்பார். மகள் உதட்டைப் பிதுக்குவாள். "சரி சரி" என்று குளிக்கப் போய்விடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள், பார்த்தோம், ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்கள். பார்த்தார்களாம். பாட்டைப் பார்க்கவா செய்வார்கள்? அவரோடு வேலை செய்கிற தடியன்கள் கட்டைவிரல் படத்தை அனுப்பினார்கள். அந்த விரலால் ஒரு பட்டனை அமுக்க வலித்ததா? ஒருநாள் வேலைப் பையில் சாப்பாட்டு டப்பாவை வைக்கும்போது பார்த்தேன், மவுத் ஆர்கனைக் காணோம். அலமாரியில், பழைய டார்ச்சுகளுக்குப் பின்னால் கிடந்தது. கேட்டதற்கு, வேலை ஜாஸ்தி, நேரமில்லை என்றார். பொய் சொல்லவும் தெரியாத மனிதர். இப்படியே விட்டால் இனி அதைத் தொடவே மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் கம்ப்யூட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நான் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சத்தமே இல்லை. எல்லார்மேலும் இருந்த ஆத்திரத்தோடு பட்டனை அமுக்கினேன்.

மெதுவாகத்தான் வந்தது. காதருகே வைத்துக்கொண்டேன். லிஃப்ட் போகும் பாதை முழுக்க அந்தச் சத்தம் ஏறி இறங்கியது. நடுவில் எங்கோ இரும்புக் கயிறு முனகியது. யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் அவசரப்படவில்லை, அந்த வரியை முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். இந்த மனிதர் இப்படி வாசிப்பார் என்று ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

சோப்பு நுரை சொட்டும் கையோடு அவர் ஓடிவந்தார். மகளைப் பார்த்து, "மறுபடியும் தானா பாட வெச்சுட்டியா? எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று கத்திக்கொண்டே, சிவப்புப் பட்டனை அமுக்க என் போனுக்குக் கை நீட்டினார்.

நான் போனை இழுத்துக்கொண்டேன்.

"தானா ஒண்ணும் பாடல, நான்தான் அமுக்கினேன். கையை எடுங்க, இன்னும் முடியல."