இரண்டே சுற்று

சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது ஒரு மீனின் தயவால். அந்த மீனை நான் கண்ணால் கண்டதே இல்லை. ட்ரவுட் என்று பெயர். குளிர்நாட்டு ஆறுகளில் இருக்குமாம். நுவரெலியாப் பக்கமும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டானாம். பாரையையும் சூரையையும் செவுளைத் தூக்கிப் பார்த்தே குறை சொல்லத் தெரிந்த நாங்கள், நெல்மணி அளவுத் தூண்டில் முள்ளில் அந்த மீனை ஏமாற்றப் பொய்ப்பூச்சி கட்டிக்கொண்டிருந்தோம்.

கல்முனையில் ஒரு மண்டபத்தில் வேலை. கொழும்புக் கொம்பனி ஒன்று தூண்டிலும் நூலும் இறகும் அனுப்பும். தூண்டிலைச் சின்ன இரும்புக் கவ்வியில் இறுக்கி, மெழுகு தடவிய செம்மஞ்சள் பட்டுநூலை நெருக்கிச் சுற்றினால் பூச்சியின் உடம்பு. தலைப்பக்கம் கௌதாரி இறகை வைத்து இரண்டே சுற்று, பிறகு முடிச்சு. அவ்வளவுதான். இறகு ஐதாக இருந்தால்தான் தண்ணீருக்குள் பூச்சிக்கால் போல அசையும். மூன்றாவது சுற்று விழுந்தால் அது விளக்குமாறு. நாங்கள் மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நூல் எங்களுக்குப் புதிதில்லை. கட்டியவை ஆளுக்கொரு பெட்டியில் கொழும்புக்குப் போகுமுன் சரிபார்க்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். வாய் நீளம் என்பதால் தந்தார்களோ என்னவோ.

கூடப்பிறந்த மூத்தவள், என் ராத்தாவும் அங்கேதான் வேலை செய்தாள்; அவள் கட்டியதெல்லாம் விளக்குமாறு. நாலு சுற்று, ஐந்து சுற்று. காரணம் எனக்குத் தெரியும், அதனால் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன். மச்சான், அவளுடைய புருஷன், கடலுக்குப் போகிறவர். சூரைக்கு இறகுத் தூண்டிலைத் தன் கையாலேயே கட்டுவார், வெள்ளைச் சேவலின் இறகை அடர்த்தியாக வைத்து. கடல் மீனுக்கு அப்படித்தான் கட்ட வேண்டும். ராத்தா பக்கத்திலிருந்து நூல் பிடித்துக் கொடுத்த கை. கடல் வந்த அன்று காலையில் அவர் கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தார். மய்யித்து, அந்த உடல்கூட, கிடைக்கவில்லை.

பள்ளிவாசலில் மௌத்து, இறந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு ராத்தாவை இத்தா இருக்கச் சொன்னார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். ராத்தா மறுத்துவிட்டாள். காணாமல் போனவருக்கு நாலு வருடம் பார்த்திருக்கலாம் என்றும் சட்டம் உண்டாம், அதைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசினார்கள். நானும்தான் பேசினேன். கொழும்பிலிருந்து அவளுடைய பெட்டி திரும்பி வந்து, இன்னொருமுறை வந்தால் ஆளை மாற்றச் சொன்ன அன்று, எல்லோருக்கும் முன்னால் வெட்டிச் சொன்னேன்.

"மச்சான் திரும்பி வந்தாலும் இந்த மீன் புடிக்கப் போகமாட்டார் ராத்தா. ஆருக்குக் கட்டுறாய்?"

அந்த நாக்கை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய பெட்டி ஒழுங்காக வந்தது. ரோசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழப் போனவள், மூக்குக் கண்ணாடியை மறந்து திரும்பி வந்தேன். பாண்டிருப்பிலிருந்து வரும் தமிழ் அக்கா, எங்களில் ஆகச் சுத்தமாகக் கட்டுகிறவர், ராத்தாவின் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிளேட்டால் வெட்டி அவிழ்த்து, இரண்டு சுற்றில் திரும்பக் கட்டினார். நாங்கள் தொழப் போகும் நேரமெல்லாம் அவர் சோறு தின்னாமல் செய்த வேலை அது.

"அவ விருப்பத்துக்குக் கட்டட்டும் தங்கச்சி," என்றார். "அனுப்புறதுக்கு முன்னம் நான் பாத்துக்குவன்."

அந்த அக்காவின் ஒரே மகன் வன்னியில் இருந்தான். இயக்கத்துக்குத் தானாகப் போனானா, கொண்டுபோனார்களா என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

நாலு வருடம் முடிந்த கிழமை, ஒருவரும் சொல்லாமல், ராத்தா வெள்ளை உடுத்தாள். உம்மா அழுதார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். அவளுக்கு வேலை போய்விடக் கூடாதென்று கவ்வியையும் நூலையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இரண்டே சுற்று. பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் அக்கா திருத்திய கதையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் புள்ள," என்றாள் ராத்தா. "என்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? பெட்டிய மூடக்குள்ள பாப்பன், அதுல ஒண்டும் என்ட இல்ல. அவவும் ஒண்டும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல."

இத்தா முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் யுத்தமும் முடிந்தது. சந்தியில் பட்டாசு வெடித்தார்கள். அக்கா அன்றைக்கும் வேலைக்கு வந்தார். மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதற்கடுத்த நாட்களில் மத்தியானம் மணி அடித்ததும் ஃபோன் கடைக்கு ஓடுவார். யார் யாருக்கோ எடுத்துக் கேட்டுவிட்டு வருவார்.

அந்தக் கிழமை அவருடைய பெட்டியைச் சரிபார்க்கத் திறந்தேன். ஐந்து சுற்று, ஆறு சுற்று. சிலதில் தூண்டிலின் கண்ணே தெரியவில்லை. ராத்தாவுக்காவது ஒரு காரணம் இருந்தது, பழகிய கை. இவருடைய கைக்கு எங்கே நிறுத்துவதென்று மறந்துபோயிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியோடு நின்றேன்.

லுஹருக்குப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். அக்கா வழக்கம்போல ஃபோன் கடைக்குப் போனார். மற்றவர்கள் எழும்பினார்கள். ராத்தா எழும்பவில்லை.

"நீ போ. நான் பொறகு தொழுறன்," என்று சொல்லி என் கையிலிருந்த பெட்டியை வாங்கி மடியில் வைத்தாள். பிளேட்டை எடுத்தாள்.

நான் தொழுதுவிட்டு வரும்போது கடைசித் தூண்டிலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடி அக்காவின் இடத்தில் வைத்துவிட்டுத் தொழப் போனாள்.

அக்கா வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் தன் முடிச்சு தெரியும். அதைத் திரும்ப வைத்துவிட்டு, கவ்வியில் அடுத்த தூண்டிலை மாட்டினார்.