பிரிந்தது சேரும் என்று எழுதிய வரி

நான் மலேசியாவின் கேமரன் மலைக்கு உறங்கத்தான் வந்தேன் என்று அக்கா இன்றும் சொல்வாள். உண்மையில் கணிதத்தில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை முடிக்க வந்தேன். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில் ஒன்றான அவள் வீட்டுச் சன்னலோரம் மூன்று நாள் கிடந்தேன்.

என் கேள்வி இதுதான். சில விதிகள் முடிவிலியின் ஒரு பெரிய அளவில் ஒரே வகை அமைப்பை மட்டும் அனுமதித்தால், அதைவிடப் பெரிய எல்லா அளவுகளிலும் அப்படித்தானா? வாக்கியங்கள் ஓரிடத்தில் முடிந்துவிடும் முதல்படித் தர்க்கத்தில் 'ஆம்' என்று நிறுவியாயிற்று. அதற்கு அப்பால், முடிவில்லாமல் நீளும் வாக்கியங்களையும் அனுமதித்தால், யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதில் ஒரு சிறு மூலையைப் பிடித்துவிட்டதாக நம்பினேன்.

மூடுபனி சன்னல் வழியே வந்து தாளை நனைக்கும். எதிர்ச்சரிவு மறைந்து மறுபடி தெரியும்போது, அதே சரிவுதானா என்று ஐயம் வரும். அரைத் தூக்கத்தில் ஒரு மலைக்குப் பின்னால் இன்னும் பெரிய மலை, அதற்கும் பின்னால் இன்னொன்று, எல்லாம் ஒரே சாயலில். அவ்வளவு சுகமாக நான் இருந்த நாட்கள் அதிகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தேநீரோடு வந்தாள். "அப்படி என்னதான் எழுதுற, சொல்லு லா."

ஒரு வீட்டிலிருந்து இரண்டு வீடுகள் பிரிந்து வளர்கின்றன, பிற்பாடு இரண்டையும் அடக்கிய ஒரு பெரிய வீடு இருக்கும், அங்கிருந்து என் நிரூபணம் தொடங்குகிறது என்றேன்.

"இருக்கும்னு யாரு சொன்னா?"

"அது தெரிஞ்சதுதானேக்கா."

"நம்ம அண்ணனுங்க ரெண்டு பேரும் இதே மலையில, தானா ராத்தா டவுன்ல ஒருத்தர், பக்கத்து பிரிஞ்சாங் டவுன்ல ஒருத்தர்னுதான் இருக்காங்க. திருவிழாவுக்கு ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் வர்றதில்ல. அஞ்சு வருஷமாச்சு."

சிரித்தேன். பிறகு தாளைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. எட்டாம் பக்கத்தில் 'பிரிந்தது தெளிவாகவே சேரும்' என்று நிரூபிக்காமல் எழுதித் தாண்டியிருந்தேன். முதல்படித் தர்க்கத்தில் அந்தச் சேர்க்கை தானாகக் கிடைக்கும். அதற்கு அப்பால் கிடைக்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் திருவிழா என்றால் சிங்கப்பூர் போனவரும் ஈப்போ போனவரும் தோட்டத்துக் கோயிலில் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஆள் நான். பிரிந்தது சேருமா என்று சரிபார்க்கவே தோன்றவில்லை. அதை அனுமானமாக வைத்துக்கொண்டால் மிஞ்சுவதை மற்றவர்கள் எப்போதோ நிறுவிவிட்டார்கள். மூன்று வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர்.

அத்தியாயம் தவறு என்று பேராசிரியருக்கு அப்போதே எழுதி அனுப்பினேன். அழுகை வந்துவிட்டது.

"அப்ப பதில் எப்பதான் தெரியும்?" என்றாள் அக்கா.

"தெரியாமலேகூடப் போகலாம்க்கா."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இதுக்கு அழுவுற. அண்ணனுங்க ஏன் பேசிக்கிறதில்லன்னு இந்த அஞ்சு வருஷத்துல நீ ஒரு வாட்டிகூடக் கேக்கல."