நடுக்கதவுத் தாழ்ப்பாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் வீடு வாங்குவதென்றால் எங்கள் கைக்கு எட்டியது பாதி வீடுதான். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அங்கேயே ஊருக்கு வெளியே விசாலமாக வாங்கியிருக்கலாம். பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். எண்பதுகளின் தொடக்கத்தில், தனியாக இருந்த ஒரு பெரியவர் தன் வீட்டின் முன்கட்டை எங்களுக்கு விற்றார். தெருவாசல் எங்களுக்கு, கிணறு அவருக்கு. நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அவர் பக்கம். விடிந்ததும் அவர் திறந்துவிட, நாங்கள் தண்ணீர் எடுத்துக்கொள்வோம். அவர் வெளியே போய்வரப் பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது. குடத்தோடு போனால் முழங்கை சுவரில் சிராய்க்கும்.

முருங்கைமரத்துக் காய் யாருக்கு என்பது வரை பேசினார்கள். ஒன்றை மட்டும் பேசவில்லை. பெரியவர் கண்ணை மூடினால் பாடை எந்த வழியாகப் போகும்? அந்தச் சந்தில் நாலு பேர் தோள்கொடுத்து நடக்க முடியாது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கு வாய் வரும்? அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. பிறத்தியார் பிணம் நம் கூடத்தைத் தாண்டி வாசல் இறங்குவதா?

அன்று பிடித்த பயம். அவர் இருமினால் அம்மா அடுப்பை விட்டு எழுந்துவிடுவாள். சுக்குக் கஷாயமும் தூதுவளை ரசமும் கதவுக்கு அந்தப் பக்கம் போகும். ஊருக்குப் பக்கத்திலேயே குன்றின்மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு அவர் பேரில் நேர்ந்துகொண்டாள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று தெருவே மெச்சியது. காரணம் எங்களுக்குத்தான் தெரியும். காலையில் தாழ்ப்பாள் சத்தம் கொஞ்சம் பிந்தினாலும் வீட்டில் யாருக்கும் காப்பி இறங்காது.

தொண்ணூறுகளில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீட்டு வாசலிலேயே பந்தல் என்று முடிவு. அந்தச் சமயம் பார்த்து அவர் இருமல் முற்றியது. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்க்கிறவர்கள். அம்மாவுக்குத் தூக்கம் போனது.

ஒரு நாள் காலை பெரியவர் மஞ்சள் பையோடு எங்கள் பக்கம் வந்தார்.

"கொஞ்ச நாளு ராஜபாளையத்தில மக வீட்ல இருந்துட்டு வாரேன் தாயி. கல்யாண வீட்ல எதுக்கு என் இருமலு? தாழ்ப்பாள் போடல, தண்ணி எடுத்துக்கோ."

மகள் வீட்டில் ஒருவேளைக்கு மேல் கை நனைக்காதவர் அவர். மருமகன் வீட்டில் போய்ப் படுத்தால் மரியாதை கெட்டுவிடும் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

"கல்யாணத்துக்கு வந்துருங்க மாமா" என்றாள் அம்மா. போகாதீங்க என்று சொல்லவில்லை. தெருவாசல் எதிரிலேயே இருந்தும், விற்ற வாசல் என்று அவர் திரும்பிப் போய்ச் சந்து வழியாகவே தெருவில் இறங்கினார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் செய்தி வந்தது. ராஜபாளையத்திலேயே எடுக்கிறார்களாம். கல்யாண வீடு என்பதால் எங்களில் யாரும் போகக் கூடாது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

அம்மா அழுதாள். பிறகு எழுந்து நடுக்கதவைத் திறந்தாள். கூடத்தில் கிடந்த கல்யாணச் சாமான்களை ஓரமாகத் தள்ளினாள். தெருவாசலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்தாள்.

"ஏட்டி, இந்த வெயில்ல எதுக்கு அம்புட்டையும் தெறந்து போட்டிருக்க?" என்று அப்பா கேட்டார்.

"அவிய போற வழி இதுதான" என்றாள்.

பொழுது சாய்ந்து, அங்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகும் அவள் கதவைச் சாத்த விடவில்லை.