அண்ணனுக்கு எடுத்து வைத்த மக்ரூன்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் பெரியப்பா எங்கள் குடும்பத்துக்கே பெரும் தொல்லையாகிவிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு வாழ்நாள் முழுவதும் மேஸ்திரியாக இருந்தவர். அலை இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரல். அந்தக் குரல் இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அரிசி மூட்டையை எந்த மூலையில் வைப்பது, விறகை எப்படி அடுக்குவது என்று பெரியம்மாவுக்கு ஓயாத உத்தரவு. அடுத்த தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கும் வந்து பீரோவை இடம் மாற்றச் சொல்வார். அவர் தலை தெரிந்ததுமே அம்மா கதவைச் சாத்திவிடுவாள். அவர் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் கர்த்தர் ஒரு ஊழியம் கொடுத்தார். ஒரு மழை நாளில் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து வந்தவர், குழிவெட்டுகிறவரும் ஆஸ்பத்திரி ஆள் ஒருவருமாக ஒரு பெட்டியைக் குழிக்குள் இறக்குவதைப் பார்த்தார். செத்தவர் யாரென்று கேட்டதற்கு, ஊர் பேர் தெரியாத ஆள் என்றார்களாம். பெரியப்பா குடையை மடக்கி வைத்துவிட்டு, நனைந்துகொண்டே ஒரு பாட்டைப் பாடி, ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் போதகரிடம் போய், இனிமேல் இந்த ஊரில் பாட்டில்லாமல் யாரும் மண்ணுக்குள் போகக்கூடாது என்றார். அதற்காக அவர் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனார். ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடப்பவர், உப்பளத்துக்குப் பிழைக்க வந்து விழுந்தவர், யார் இறந்தாலும் அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடையில் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. எங்கள் பீரோ பிழைத்தது. அம்மா மனமாரக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஒரே சங்கடம், அடக்கத்துக்கு ஆள் சேர்ப்பது. முன்பின் தெரியாதவர் சாவுக்கு யார் வருவார்கள்? ஆரம்பத்தில் வந்தவர்களும் அவர் வெள்ளைச் சட்டையைத் தூரத்தில் கண்டதும் சந்துக்குள் நுழையத் தொடங்கினார்கள். தனியாகப் பாடினால் போதாதா என்று அப்பா கேட்டபோது பெரியப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நான் ஒத்தையில பாடுனா சரக்கு இறக்குத மாதிரில்லாடே இருக்கு."

பெரியம்மா மட்டும் இந்த ஊழியத்தில் சேரவேயில்லை. அவர் சட்டையைத் தேய்க்க உட்கார்ந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர்களுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் மாட்டியிருந்த படம்தான். கப்பல் தொப்பியும் கோணல் சிரிப்புமாக இருப்பான். கேட்டால், அண்ணன் கப்பலில் இருக்கிறான் என்பார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்கிற மக்ரூன் என்றால் அவனுக்கு உயிராம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெரியம்மா ஒரு டின் நிறைய மக்ரூன் வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவாள். அது அண்ணனுக்கு. கடற்காற்றில் அது நமத்துப் பிசுபிசுத்துப் போனாலும் யாரும் தொடக்கூடாது. என் சின்ன வயதின் பெரும்பகுதி அந்த டின்னை அண்ணாந்து பார்ப்பதிலேயே கழிந்தது.

ஒரு டிசம்பரில் துறைமுகத்துக்கு வந்திருந்த வெளிநாட்டுக் கப்பலில் ஒரு மாலுமி நெஞ்சுவலியில் இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. பெரியப்பா கப்பல்காரர்களிடம் போய், உங்கள் ஆளை ஊர்கூடி நல்லடக்கம் செய்வோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்த பிறகுதான் ஆள் தேடினார். கிறிஸ்துமஸ் நேரத்தில் எவன் சாவுக்கு வருவான்? அடக்கத்தன்று காலையில் பெரியம்மா போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. செத்தவர்களைத் தேடிப் போகிற மனுஷனுக்கு வீட்டில் இருக்கிறவளைப் பார்க்கத் தோன்றவில்லையா என்று அழுதாளாம். பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

பிள்ளைகள் நாங்கள் அப்போது கோயிலில் கிறிஸ்துமஸ் பவனிக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். பெரியப்பா உள்ளே வந்து, கப்பல்காரர்கள் வந்திருக்கிறார்கள், நம் பாட்டைக் கேட்க வேண்டும், புறப்படுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கேக்காவது கிடைக்கும் என்று துள்ளிக்கொண்டு கிளம்பினோம். கம்பில் கட்டிய காகித நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன். சிவப்பு அங்கியும் பஞ்சுத்தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் இன்னொருவன். ஆடிப்பாடிக்கொண்டு போன நாங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில்தான் பாட்டை நிறுத்தினோம்.

குழியின் மறுபக்கம் கப்பல்காரர்கள் கொஞ்சம் பேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா அவசரமாகத் தாடியைப் பிடுங்கி அங்கிக்குள் திணித்தான். போதகர் எங்களைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் வேதத்தைத் திறந்தார். பெட்டி இறங்கியது. பெரியப்பா எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

எங்களுக்கு அடக்கப்பாட்டு எங்கே தெரியும்? அந்த மாதம் முழுவதும் பழகியது மாட்டுத் தொழுவத்தில் பாலகன் பிறந்த பாட்டுதான். பயத்தில் ஒருத்தி அதைத் தொடங்கிவிட்டாள். எல்லோரும் பிடித்துக்கொண்டோம். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். நானோ, பெரியப்பா இப்போது கத்தப்போகிறார் என்று முன்னால் நின்றவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் கத்தவில்லை. எங்களோடு சேர்ந்து பாடினார், அதுவும் மெதுவாக. அந்தக் குரலால் மெதுவாகவும் பாட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்போது மறுபக்கத்திலிருந்தும் பாட்டு வந்தது. அந்த மெட்டு அவர்கள் ஊர் மெட்டுதானாம். கப்பல்காரர்கள் அவர்கள் பாஷையில் பாட, நாங்கள் தமிழில் பாட, ஒருவர் சொல் மற்றவருக்குப் புரியாமலே பாட்டு ஒன்றாக முடிந்தது. அவர்களில் வயதில் சின்னவன் விம்மி விம்மி அழுதான். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

திரும்பும்போது பெரியப்பா கப்பல்காரர்களைத் தம் வீட்டுக்கே காப்பிக்கு அழைத்து வந்துவிட்டார். பிள்ளைகள் நாங்களும் பின்னாலேயே போனோம். காலையில் அவ்வளவு சண்டை போட்ட பெரியம்மா என்ன செய்யப்போகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அவள் வாசற்படியில் நின்று கப்பல்காரர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அழுது சிவந்த அந்தப் பையன் முகத்தில் அவள் பார்வை நின்றது. பிறகு பெரியப்பாவிடம் கேட்டாள்.

"பாடுனியளா?"

"பாடுனோம். கோயில் பிள்ளைய பூராவும் வந்து பாடுச்சு."

பெரியம்மா உள்ளே போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த டின்னை இறக்கினாள். மூடியைத் திறந்து முதல் மக்ரூனை அந்தப் பையன் கையில் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அது அண்ணனுக்குள்ளது என்று கத்திவிட்டேன்.

"அவனுக்குத்தாம்ளா குடுக்கேன்," என்றாள் பெரியம்மா. என் கையிலும் ஒன்றை வைத்தாள்.

அண்ணன் எங்கோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்ததும், முகம் தெரியாதவர்கள் அவனை அங்கேயே அடக்கம் செய்ததும், பெரியப்பா ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அந்தச் செய்தி வந்ததும் நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொல்லித் தெரிந்தது. அங்கே யாராவது ஒரு பாட்டாவது பாடினார்களா என்பது மட்டும் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கடைசிவரை தெரியவில்லை. பெரியப்பா அதற்குப் பிறகும் கால் ஓய்கிற காலம்வரை அந்த ஊழியத்தைச் செய்தார். வெள்ளைச் சட்டையைப் பெரியம்மா தேய்த்துக் கொடுத்தாள்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவனுக்குத்தான் கொடுக்கிறேன் என்று பெரியம்மாவே சொல்லிவிட்டாளே. மக்ரூனைக் கடித்துக்கொண்டே, அந்தக் கப்பல்காரர்களில் அண்ணன் யார் என்று ஒவ்வொரு முகமாகச் சுவரிலிருந்த படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.