பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

சிதம்பரத்தில் எங்கள் சபையில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். விசுவாசத்தை அடுத்தவரிடம் எப்படிப் பகிர்வது என்று. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள், பிரசங்கம் வேண்டாம், பிறகு உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றார்கள். வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கிய நான், கேட்பதிலும் கெட்டிக்காரி என்று நிரூபிக்கக் கிளம்பினேன்.

எங்கள் தெருவில் தையல் தைக்கும் பெண் ஒருத்தி. சாமி கும்பிடுகிற குடும்பம். நாலைந்து வாரம் அவள் வாசலில் உட்கார்ந்து பேசாமல் கேட்டேன். ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அவுரு கடலூர் ஜெயில்ல இருக்காரு. ஒரு அடிதடி கேஸு. பாப்பாகிட்ட சிங்கப்பூர்னு சொல்லி வச்சிருக்கேன். கடலூர் முதுநகர்ல துணி வாங்கப் போறேன்னுட்டு, ஜெயில்ல மனு போட்டு அவரப் பாத்துட்டு வரேன். பாப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா."

சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். என் கதையையும் சொன்னேன், அவளுக்காக ஜெபித்தேன். அழுதாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் அதை ஜெபக் குறிப்பாக வைத்தேன். பெயர் சொல்லவில்லை. 'எங்கள் தெருவில் தைக்கிற ஒரு சகோதரி' என்றேன். தெருவில் இருப்பதே ஒரு மெஷின்தான். ஜெபம்தானே, ஊர்வம்பு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னேன். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு தையல்காரி மகள் என்று சொல்லி அந்தப் பாப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். பத்து வயது. கடைசி நாள் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். நல்ல மனுஷி, புதன்கிழமை கூட்டத்துக்கும் வருகிறவர். "ஆண்டவரே, ஜெயில்ல இருக்குற இந்தப் பிள்ளையோட அப்பாவ சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டாங்க" என்றார்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தது. பிறகு ஆமென் சொல்லும்வரை கண்ணை மூடிக்கொண்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தெருமுனை வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"ஆன்ட்டி, எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவுங்க அழுவாங்க."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன்.

அந்தத் தாயின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை எழுந்தேன். கேட்டால் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு போகும். ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. அவர் மன்னித்திருக்கலாம், எனக்கு ஆறவில்லை.

போன வாரமும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"சிங்கப்பூர்ல வெயில் ஜாஸ்தியாம்மா, அப்பா தொப்பி போட்டுக்குறாரான்னு பாப்பா கேக்குதுக்கா. அப்புடியே நம்புது. அது போதும் எனக்கு."

ஆமாம் என்றேன்.