காற்றுத் துப்பாக்கியும் எங்கள் வீட்டு விளக்கும்

பழைய காற்றுத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பார்கள். செந்தூரம் வைத்துக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிற ஆளுக்கு இந்தச் சாமான் எதற்கு என்று சிலர் வாய்விட்டே கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் வைத்திருந்தது ஒரே பதில்தான். வெறும் காற்றுங்க, உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பொம்மை மாதிரி.

ஓசூரில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. கம்பி சுருட்டும் மெஷினில் நின்றபடியே தலை நரைத்துவிட்டது. ஒருமுறை வீட்டு கேட்டுக்குக் கீல் தேடி, குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். போல்ட்டும் நட்டும் கிடந்த வாளிக்குள் கையை விட்டபோது ஒரு கைப்பிடி தட்டுப்பட்டது. இழுத்தால் கைத்துப்பாக்கி. துரு ஏறி, விசை உடைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. கடைக்கார பாய் சிரித்தார். "எடுத்துட்டுப் போங்க. யாரையாச்சும் சுட்டீங்கன்னா மட்டும் என் பேரைச் சொல்லாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரித்தேன். மேலே குண்டு போகும் குழல், கீழே தடித்த சிலிண்டர். குழலைத் தூக்கி முன்பக்கமாகச் சாய்த்தால் சிலிண்டருக்குள் ஸ்பிரிங் அமுங்கிக் கொக்கியில் நிற்கும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ஈயக்குண்டைத் தள்ளும். வெடிமருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. எந்தக் காலத்திலோ எந்தச் சீமையிலோ ஒருவன் இதைச் செய்திருக்கிறான். நாள் முழுக்க நான் சுருட்டுகிற அதே ஸ்பிரிங்கை வைத்து இப்படி ஒன்றைச் செய்ய அவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று, அன்றைக்குச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு பாய் எடுத்து வைக்க ஆரம்பித்தார். தங்கவயலில் சுரங்கத்து வீடுகள் காலியாகும்போது கழிக்கிற சாமான்களில் சில வந்தன. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில் நானே தேடி எடுத்தவை சில. லைசென்ஸ் தேவைப்படாத வகைதானா என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பேன். ஒன்றின் மரப்பிடியில் யாரோ ஒரு பெண்ணின் பெயரை ஆணியால் கீறியிருந்தார்கள். அதை நான் தேய்க்கவில்லை. பிஸ்டனுக்குத் தோல் வாஷர் எங்கும் கிடைக்காது. பழைய பெல்ட்டை வட்டமாக வெட்டி விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு நானே செய்வேன். ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். சூப்பர்வைசரிடம் சொல்லி மிச்சக் கம்பியில் புதிதாகச் சுருட்டி, கம்பெனி உலையில் மற்றவற்றோடு வைத்து எடுத்துக்கொள்வேன்.

கறுப்புப் பிடி போட்ட ஒன்று இருந்தது. அதன் பழைய ஸ்பிரிங்கில் சுட்டால் குண்டு துணி சோப்பில் பல் பதிந்த மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் சுருட்டிப் போட்ட ஸ்பிரிங்கில் அதே சோப்பைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மொட்டைமாடியில் அந்தச் சோப்பை எடுத்து ஓட்டை வழியாக வெளிச்சம் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

உயிருள்ள எதையும் நோக்கி நான் ஒருநாளும் குறி வைத்ததில்லை. அது அந்த ராமபக்தனுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைப்பேன். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். யாரையெல்லாம் சுட்டிருக்குமோ என்பாள். வெறும் காற்றுதானே என்று அவளுக்கும் அதே பதிலைத்தான் சொல்வேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

எங்கள் வீடு தொரப்பள்ளி போகும் வழியில் புதிதாகப் போட்ட ஒரு லே-அவுட்டில் இருக்கிறது. முன்பு அது மாந்தோப்பு. பக்கத்துக் குன்றில் கல் உடைக்க ஆரம்பித்ததும் குரங்குகள் கீழே இறங்கிவிட்டன. மாடித் தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீரில் இறங்கும், காயும் துணியைக் கிழிக்கும். பட்டாசு போட்டுப் பார்த்தார்கள், பெரிய கருங்குரங்குப் படத்தை பேனராகக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் அந்த பேனர் மேலேயே உட்கார்ந்தன. என் மனைவிக்கு மட்டும் அவை குரங்கு இல்லை. 'அவங்க' என்றுதான் சொல்வாள். சனிக்கிழமை விரதம் முடித்ததும் இரண்டு வாழைப்பழத்தைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். குட்டியை வயிற்றில் தூக்கிக்கொண்டு ஒரு தாய்க் குரங்கு வழக்கமாக வந்து எடுத்துப்போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் தென்காசிப் பக்கத்து ஆள். வேறொரு கம்பெனியில் வேலை. என்னை அண்ணாச்சி என்பார், அவளை அக்கா என்பார். பள்ளிக்கூடம் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகாத மகள் அவருக்கு. ஒரு சனிக்கிழமை அந்தக் குழந்தை பிஸ்கட்டோடு சுவர் ஓரம் வந்து நின்றிருக்கிறது. பழத்துக்கு வந்த குரங்குகளில் ஒன்று குழந்தையின் முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டது. என் மனைவிதான் முதலில் ஓடி, குழாயடியில் கையைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தவள். ஊசி போட்டுத் திரும்பி வந்த பிறகு குழந்தையின் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"பழம் வைக்கது நீங்க. கடி வாங்குறது எம்புள்ளையா?"

 அந்த வாரம் முழுக்க என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரத்தில் நான் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அண்ணாச்சியிடம் ஏதோ துப்பாக்கி இருக்கிறதாமே, சத்தம் காட்டி விரட்டத்தான் என்று கேட்டிருக்கிறார். குழந்தையின் கையில் அப்போதும் கட்டு இருந்தது. எப்படி இல்லை என்பாள்? பீரோவைத் திறந்து முன்னால் இருந்த துணிப்பையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெறும் காற்றுதான், ஒன்றும் ஆகாது என்று சொல்லியும் கொடுத்திருக்கிறாள். அந்தப் பைக்குள் கறுப்புப் பிடித் துப்பாக்கியும் ஈயக்குண்டு டப்பாவும் சேர்ந்தே இருந்தன.

கம்பெனி பஸ்ஸில் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே பறைச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்று பதறிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் புங்கமரத்தடியில் பலகை போட்டு, அந்தத் தாய்க் குரங்கைக் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் துணி, மாலை, நெற்றியில் நாமம். மார்பில் துணியை இழுத்து மூடியிருந்தார்கள். குட்டி விடாமல் பிடித்திருந்ததாகவும் துடைப்பக் கட்டையால்தான் பிரிக்க முடிந்தது என்றும் சொன்னார்கள். மற்ற குரங்குகள் எங்கள் சுவர் நெடுக உட்கார்ந்திருந்தன. கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அது நடிப்பில்லை. தொட்டி மூடியைத் திறந்த குரங்கை நாலடி தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார். தொட்டியில் பட்டுச் சத்தம் வரட்டும் என்றுதான் சுட்டேன் அண்ணாச்சி என்றார். இருக்கலாம்.

லே-அவுட் சங்கச் செயலாளர் என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "கரண்ட் அடிச்சிருச்சி. அவ்வளவுதான் விஷயம். வனத்துறையில யார் வந்து கேட்டாலும் இதே பதில்தான், தெரியுதா? புள்ளகுட்டிக்காரன், உள்ள போயிட்டான்னா அந்தக் குடும்பம் என்னாவும்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். மண் தள்ளும்போது நானும் ஒரு பிடி போட்டேன்.

வீட்டுக்குள் என் மனைவி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், அதே துணிப்பையில். அவள் அழவில்லை.

"வாயுபுத்திரன்னு கும்புடறோம். காத்தோட புள்ளைய காத்தாலயே கொன்னுட்டோமே" என்றாள்.

அன்று மாலை அவள் விளக்கேற்றவில்லை. தீட்டு என்று நினைத்தேன். மறுநாளும் ஏற்றவில்லை. கல்யாணமாகி வந்த நாள்முதல் எங்கள் வீட்டில் விளக்கேற்றுகிற கை அவளுடையது. காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஏற்றுவாள். இப்போது பூஜை அறை இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. சமைத்தாள், துவைத்தாள், பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் சிரித்துக்கூடப் பேசினாள். விளக்கு மட்டும் முடியாது. எந்தக் கையால் ஏற்றுவது என்று கேட்டாள். நானே ஏற்றினேன். திரி எனக்குச் சரியாக வரவில்லை, புகைந்தது. துப்பாக்கி போனால் போகிறது, சேர்த்த அத்தனையும் போகட்டும், இவள் மறுபடி அந்த அறைக்குள் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பாயிடமே போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம், இன்னொருத்தர் கைக்குத்தானே போகும் என்றாள். ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லா ஸ்பிரிங்கையும் உருவி எடுத்தேன். கறுப்புப் பிடிக்குள் இருந்த என் ஸ்பிரிங்கைக் கட்டிங் ப்ளையரால் துண்டு துண்டாக நறுக்கினேன். அதற்குப் பிறகும் அவள் பூஜை அறைப் பக்கம் வரவில்லை. அர்ச்சகரிடம் கேட்டு வந்து பரிகாரம் இருக்கிறது, சாந்தி செய்துவிட்டால் தோஷம் போய்விடும் என்றேன்.

"பரிகாரம்னா என்ன பண்ணினோம்னு சொல்லித்தானே பண்ணணும்? ஊருக்குக் கரண்டுன்னு சொல்லிட்டு, சாமிகிட்ட மட்டும் வேற சொல்றதா?"

அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போகட்டுமா என்று கோபமாகக் கேட்டேன். நான் அப்படியா சொன்னேன் என்று எழுந்து போய்விட்டாள்.

பதினாறாம் நாள் புங்கமரத்தடியில் அன்னதானம் வைத்தார்கள். கையகல ஆஞ்சநேயர் சிலை ஒன்று வாங்கி வந்து மேடை கட்டி வைத்திருந்தார்கள். மின்சாரம் தாக்கி இறைவனடி சேர்ந்த எங்கள் குலசாமி என்று படத்தோடு பேனர். படம் எங்கிருந்தோ எடுத்த வேறு குரங்கினுடையது. குட்டியைக் கொஞ்ச நாள் கூட்டத்தோடு பார்த்தோம், அப்புறம் காணவில்லை.

பெண்கள் வந்து கூப்பிட்டதால் என் மனைவியும் பரிமாறப் போனாள். சாம்பார் வாளியோடு வரிசையில் நின்றிருந்தாள். யாரோ ஒரு புது ஆள், வாடகைக்கு வந்தவர், எந்தக் கம்பத்தில் அடித்தது என்று கேட்டிருக்கிறார். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"கரண்ட் இல்லீங்க. எங்க வீட்டுத் துப்பாக்கி. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டது. சுட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. குழந்தையின் அம்மா கையில் அப்பளத் தட்டோடு அப்படியே நின்றாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வேகமாக என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணாச்சி, அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மேலுக்கு முடியல போல. பாவம், பழம் வச்சி வளத்தவுக, மனசு தாங்கல."

ஆமாம், பாவம், பதினாறு நாளாகவே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள் என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். வாளியை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். பந்தி நடந்தது. கரண்ட் என்ற ஒரு வார்த்தை போதாதென்று அந்த இடத்திலேயே, அவளுக்கு முடியவில்லை என்று இன்னொரு வார்த்தை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் கை சில்லென்று இருந்தது.

அன்று சாயங்காலம் நான் திரி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. கை கால் கழுவிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் சொட்ட, பூஜை அறையின் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தாள். அங்கிருந்தே கும்பிட்டாள். உள்ளே வா என்றேன். தலையை அசைத்து மறுத்துவிட்டாள்.

இப்போது தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் அக்காவுக்கு எப்படி இருக்கிறது, பெங்களூரில் நல்ல டாக்டர் இருக்கிறார், காட்டலாமே என்று அக்கறையாகக் கேட்கிறார்கள். பரவாயில்லை என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கையில் செயலாளர் கேட்டபோது, அவளுக்கு ஒன்றுமில்லை, அவள் சொன்னது நிஜம், நீங்களும் அங்கே இருந்தீர்களே என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். "உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அதை வந்து அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு விளக்கேற்றும் நேரத்தில் திரியை அவள் முறுக்கி, நிலைப்படிக்கு வெளியிலிருந்தே என் கையில் கொடுத்தாள். நான் ஏற்றினேன். புகையவில்லை. அவள் படியைத் தாண்டவில்லை.